சிக்குன்குனியா என்று சொல்லிக்கொண்ட வலி

மாமி,

இன்று காலை கடையில் புருவம் திருத்தப் புது நூல்கண்டு ஒன்றைப் பிரித்தேன். நுனியைப் பல்லில் கடித்து, மீதியை விரல்களில் மாட்டி முறுக்கியதும் பருத்தி வாசனையும், நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணின் நெற்றியில் நான் அப்பியிருந்த பவுடர் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. அவள் கண்ணை மூடிக்கொண்டே, "ஆன்ட்டி, புருவத்தோட வாலை மட்டும் எடுத்துடாதீங்க" என்று ஹிந்தியில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூல் பல்லில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது. நூலைத் துப்பிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்தேன். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தப் பெண் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் உங்களைப் பற்றி என்னவென்று சொல்ல?

அதனால் உங்களிடமே சொல்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். மாட்டுங்காவிலேயே பிறந்து, கான்வென்டில் படித்த உங்களுக்குத் தமிழ் பேசத்தான் வரும். வாரப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் நாலு வரி எழுத்துக் கூட்டிவிட்டு, "நீயே வாசிடி, எனக்குக் கண் வலிக்கறது" என்று என் பக்கம் தள்ளிவிடுவீர்கள். நான் தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். இதையும் நானே உங்களுக்கு வாசித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் சந்தித்தது ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படியான இடமில்லை. ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றும் ஹாலுக்கு வெளியே, பச்சை பிளாஸ்டிக் நாற்காலிகள். இருவர் தலையிலும் ஸ்கார்ஃப். இருவருக்கும் மார்பில் வந்த நோய், உங்களுக்கு இடது பக்கம், எனக்கு வலது. வரிசையில் குறுக்கே புகுந்த ஒரு ஆளை நீங்கள் மராத்தியில் ஆரம்பித்து, ஹிந்தியில் வளர்த்து, ஆங்கிலத்தில் முடித்து அனுப்பினீர்கள். அவன் நகர்ந்ததும் வாய்க்குள்ளேயே, "கட்டேல போறவன்" என்றீர்கள். அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். "தமிழா நீ? இத்தனை நாழியா வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்கே?" என்று அடுத்த திட்டு எனக்கு விழுந்தது.

மாமி என்று கூப்பிட்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை. ஃபோர்ட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி, எனக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. "மாமின்னா ஊறுகாய் போட்டுண்டு உட்கார்ந்திருக்கறவ மாதிரி இருக்கு" என்றீர்கள். பெயர் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நீங்களும் என் பெயரைச் சொன்னதே இல்லையே. செம்பூரில் பார்லர் வைத்திருக்கிறேன் என்று சொன்ன நாள் முதல் நான் உங்களுக்குப் பார்லர்காரிதான்.

கீமோ, ஆபரேஷன், கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் ஒருவழியாக முடிந்து, இருவரையும் மாத்திரையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹார்மோனை அடக்கி, நோய் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. தினம் ஒன்று, வருஷக்கணக்கில். பட்டாணியில் பாதி கூட இல்லாத அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இத்தனூண்டுதானா? பெரிய கண்டத்தையெல்லாம் தாண்டிட்டோம்டி, இது என்ன பண்ணிடும்" என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் எனக்கு விரல்களில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கை மூடாது. குக்கர் மூடியைத் திருக முடியாது. எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும், கீழ் அறையில் என் அண்ணன் குடும்பம், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மேல் அறையில் நான் மட்டும். இறங்க இரும்பு ஏணிதான். அதில் முகம் முன்னால் வைத்து இறங்கிப் பழகியவள், கைக்குழந்தை மாதிரி பின்பக்கமாகத் தவழ்ந்து இறங்க ஆரம்பித்தேன். முழங்காலும் கணுக்காலும் சேர்ந்துகொண்டன. கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் போதும், உடம்பு என்னுடையது இல்லை.

அந்த மழையில் எங்கள் சாலில், அந்த ஒட்டு வீட்டு வரிசை முழுக்க, சிக்குன்குனியா. வீட்டுக்கு ஒருவர் நொண்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனைவி, என் மைனி, என்னைப் பார்த்ததும் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "ஏட்டி, ஒனக்கும் வந்துட்டு. நம்ம சால்ல யாருக்குத்தான் வரல? நெலவேம்பு காய்ச்சித் தாறேன், மூக்கப் பிடிச்சிக்கிட்டு குடி. முடக்கு எல்லாம் ஓடிப் போவும்." காய்ச்சல் வந்துதான் மூட்டு பிடிக்கும், எனக்குக் காய்ச்சலே வரவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கஷாயத்தை தினமும் குடித்தேன். எதிர் வீட்டு டெய்லரண்ணன் "எனக்கும் அப்படித்தான்" என்று கையைக் காட்டும்போது மனசுக்கு எவ்வளவு ஆறுதல்! ஊரோடு சேர்ந்து வருகிற நோய்க்கு யாரும் பயப்படுவதில்லை.

எனக்கு இருந்த பயம் வேறு. எலும்புக்கு வந்துவிட்டதோ என்ற பயம். ஆஸ்பத்திரி நாற்காலிகளில் உட்கார்ந்து எத்தனை கதை கேட்டிருக்கிறோம், முதலில் இடுப்பு வலி என்றார்களாம், பிறகு ஸ்கேனில் பார்த்தார்களாம் என்று. டாக்டரிடம் வலி என்று சொன்னால் ஸ்கேன் எடுப்பார்கள். எடுத்தால் ஏதாவது தெரியும். சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இப்படித்தான் ஓடியது என் புத்தி. உங்களிடம் கூடச் சொல்லவில்லை.

நீங்கள் கண்டுபிடித்தீர்கள், உங்கள் புருவத்தை விலையாகக் கொடுத்து.

கீமோவில் போன புருவம் உங்களுக்கு மெல்ல முளைத்து, காடு மாதிரி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது. ஆபீஸில் யாருக்கோ பிரிவு உபசாரம். அதற்கு முன்னால் புருவத்தைத் திருத்தியே ஆக வேண்டும் என்று மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரை என் கடைக்கு வந்தீர்கள். "திரும்பி வந்த புருவத்துக்கு முதல் மரியாதை உன் கையாலதான்" என்று நாற்காலியில் சாய்ந்தீர்கள். வலது பக்கம் நன்றாகவே போட்டேன். இடது பக்கம் முடிக்கும் இடத்தில் என் நடுவிரல் மடங்க வேண்டிய நேரத்தில் மடங்கவில்லை. பூட்டிக்கொண்டது. பல்லில் இருந்த நூலை நான் விடுவதற்குள் அது தன் போக்கில் ஓடி, உங்கள் புருவத்தின் வாலை அப்படியே வழித்துக்கொண்டு போய்விட்டது.

இத்தனை வருஷத் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை. நீங்கள் கண்ணாடியை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தீர்கள். "இந்தப் பக்கம் பார்த்தா ஆபீசர். அந்தப் பக்கம் பார்த்தா யாரையோ சந்தேகப்பட்டுண்டே இருக்கறவ" என்றீர்கள். நான் அழ ஆரம்பித்ததும் கண்ணாடியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தீர்கள். நடுவிரலில் நான் கத்தினேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"சிக்குன்குனியா மாமி. எங்க சால் பூரா இருக்குல்லா."

"ஓகோ. அப்படின்னா எனக்கும் அதேதான் வந்திருக்கு. மூணாவது மாடி, ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்கு, கொசு எங்கேர்ந்து வந்துதோ தெரியலை." சொல்லிக்கொண்டே உங்கள் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினீர்கள். வீங்கியிருந்தது. "காலம்பற டபராவை ரெண்டு கையாலயும் ஏந்திண்டு காபி குடிக்கறேன், கோவில்ல தீர்த்தம் வாங்கிக்கறா மாதிரி. இது மாத்திரைடி! போன தடவையே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நிறைய பேருக்கு இப்படி வருமாம்."

மாத்திரையால் மூட்டு வலிக்குமா? நோய்க்குத்தான் வலி என்று நினைத்திருந்தேன், மருந்துக்கும் வலி உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு என் காதில் எது ஏறியது?

அந்த வாரமே என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். நம் டாக்டர் மராத்திக்காரப் பெண், அதிகம் பேசாதவர். காலையில் அதிகமா, நடந்தால் குறைகிறதா, இரண்டு கையிலும் ஒரே மாதிரியா என்று கேட்டார். நான் விழித்துக்கொண்டு நிற்க, நீங்கள் முழங்கையால் இடித்தீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கும் பார்த்துவிடலாம் என்று எலும்பு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். ஸ்கேன் முடிவு வரும் வரை நான் சாமி கும்பிட்ட கும்பிடு சாமிக்கே தெரியும். எலும்பில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பஸ் புகையில் நின்று உங்களைக் கட்டிக்கொண்டேன். "புருவத்தை இன்னும் கெடுத்துடாதே, பென்சில் அழியறது" என்றீர்கள்.

டாக்டர் என்னை அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றினார், வைட்டமின் கொடுத்தார், இருவரையும் தினமும் நடக்கச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். "அப்னே மன் ஸே கோலி பந்த் நஹி கர்னா." நம் இஷ்டத்துக்கு மாத்திரையை நிறுத்தக் கூடாது, எதுவானாலும் வந்து சொல்ல வேண்டும் என்று. நான் தலையாட்டினேன்.

வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நடக்கச் சொல்வது என்ன நியாயம் என்று எனக்கு எரிச்சல். நீங்கள் விடவில்லை. காலையில் நான் தாராவியிலிருந்து பஸ் பிடித்து வர, மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் மரத்தடியில் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் சேலையுமாக நிற்பீர்கள். முதல் சுற்று இருவருமே வாத்து நடை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குஜராத்திக் கிழவர்கள் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். இரண்டாவது சுற்றில் முழங்கால் இளகும். மூன்றாவதில் உங்கள் வாய் திறக்கும். ஆபீஸ் அரசியல், பெங்களூர் மகன் போன் செய்யாதது, உங்கள் கட்டடத்துச் சொந்தக்காரனோடு நடக்கும் தீராத சண்டை. உங்களுடையது பழைய பகடி வீடு, முன்பணம் கொடுத்து ஒருமுறை உள்ளே வந்தவரை யாராலும் கிளப்ப முடியாது. அதை வைத்துத்தான் சொன்னீர்கள். "வலியை வாடகைக்கு வெச்சுக்கோ, பரவாயில்லை. பகடி எழுதிக் கொடுத்துடாதே."

நடை முடிந்து கிங்ஸ் சர்க்கிள் வரை வந்து காபி. டபராவை நீங்கள் ஒரு கையால் தூக்கிக் குடித்த முதல் நாள் நினைவிருக்கிறதா? ஓட்டல் முழுக்க கேட்கிற மாதிரி "பார்லர்காரி, இங்கே பாரு!" என்று கத்தினீர்கள். பரிமாறுகிறவர் ஏதோ குறை என்று ஓடி வந்தார். வலி போய்விடவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் உடம்பைத் திட்டுவதை நான் நிறுத்தியிருந்தேன். வெந்நீரில் கையை ஊறவைத்து, விரலை மடக்கி நீட்டி, அதன் பாட்டுக்கு அது என்று கடையைத் திறந்துவிடுவேன். நம் இருவருக்கும் நல்ல காலம் அது.

பிறகு உங்களுக்குத் திரும்பி வந்தது. எலும்பில் இல்லை, ஈரலில். ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டவர் நீங்கள். ரயிலில் போகும்போது கூட ஞாபகமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டவர். உங்களுக்குத்தான் வந்தது.

கடைசி வாரங்களில் ஒரு மத்தியானம் உங்கள் வீட்டு மாமா போன் செய்து, உங்களுக்குப் புருவம் திருத்த வேண்டுமாம் என்றார். மனுஷனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நூலும் பவுடரும் எடுத்துக்கொண்டு வந்தேன். தலையணையில் உங்கள் முகம் அத்தனை சின்னதாக இருந்தது. நான் மெதுவாக, ஒவ்வொரு முடியாகப் போட்டேன். அன்றைக்கு என் விரல் ஒரு தடவை கூடப் பூட்டவில்லை. கண்ணாடியைப் பார்த்து, "ரெண்டு பக்கமும் ஆபீசர்" என்றீர்கள். அப்புறம், "கை வலிக்கறதா?"

"இல்ல மாமி."

"பொய். வலிச்சா வலிக்கறதுன்னு சொல்லேன்டி. அதைச் சொல்றதுக்கு என்ன வெட்கம்?"

அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. அந்தப் புருவத்தோடுதான் உங்களை அனுப்பிவைத்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் திட்டத்தான் போகிறீர்கள். மாத்திரையை நான் நிறுத்தினேன். அட்டையை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். கோபம், மாமி. எப்படிப்பட்ட கோபம்! ஒழுங்காகப் போட்ட உங்களைக் காப்பாற்றாத மாத்திரை என்னை மட்டும் காப்பாற்றுமா? அதற்கா நான் இந்த வலியைச் சுமக்க வேண்டும்? யாரிடமும் சொல்லவில்லை. மைனியிடம் போட்டாச்சு என்றே சொல்லிவந்தேன்.

கொடுமை என்னவென்றால், நிறுத்திச் சில வாரங்களில் கை நன்றாகிவிட்டது. ஏணியில் முகம் முன்னால் வைத்து இறங்கினேன். குக்கர் மூடி ஒரு திருகில் திறந்தது. நூல் என் விரலில் பழையபடி பறந்தது, கல்யாண சீசனில் மணப்பெண்ணோடு அவள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டு, சாயங்காலம் களைப்பே இல்லாமல் பஸ் ஏறினேன். அப்போதுதான் பயம் வந்தது. வலி இருந்தவரை, உள்ளே அந்த மாத்திரை காவல் நிற்கிறது என்று ஒரு தைரியம் இருந்தது. இப்போது உள்ளே யாரும் இல்லை. கை வேண்டுமா, உயிர் வேண்டுமா என்று தினமும் எனக்குள் ஒரு பஞ்சாயத்து. தீர்ப்பு சொல்லத்தான் ஆளில்லை.

செக்கப் நாள் வந்தது. ஒழுங்காகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். வாசலில் பெயர் கூப்பிடும் சிஸ்டர், "உங்க கூட வர்ற மேடம் எங்கே? இன்னைக்கு சண்டை போட யாருமே இல்லையே" என்று ஹிந்தியில் சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். அவர் முகம் வாடியது. என் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பினார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும், பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தேன். இடிக்க முழங்கை இல்லை. நானே வாயைத் திறந்தேன். நிறுத்திவிட்டேன் டாக்டர், வலி தாங்கவில்லை, வலியை விடக் கோபம் தாங்கவில்லை, அவருக்கு உதவாதது எனக்கு எதற்கு என்று என் தாராவி ஹிந்தியில் ஒன்று விடாமல் கொட்டினேன். மேஜையில் கை வைத்து அழுதேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். உங்களை அவருக்கும் பிடிக்கும், மாமி. நம் இருவருக்கும் நோயின் பெயர்தான் ஒன்று, அதன் குணம் வேறு என்றார். சிலரிடம் எல்லாம் சரியாகச் செய்தும் தோற்றுப்போகிறோம், அதற்காக என் விஷயத்தில் ஏன் முயற்சியை விட வேண்டும் என்றார். இடைவெளி விட்டதில் வலி குறைந்திருப்பதால், இன்னொரு மருந்தை ஆரம்பித்துப் பார்க்கலாம், கைக்குப் பயிற்சி சொல்லித்தர ஆள் இருக்கிறார், தாங்காவிட்டால் வேறு வழியும் உண்டு என்றார். "நல்லவேளை வந்து சொன்னீங்க" என்றார். யோசித்துவிட்டு அடுத்த வாரம் வரலாம் என்றும் சொன்னார்.

அடுத்த வாரம் வரை எதற்கு? கீழே மருந்துக் கடையில் வாங்கி, அங்கேயே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் வலி திரும்பி வந்தது. முன்னளவுக்கு இல்லை, ஆனால் வந்தது. பயிற்சி சொல்லித்தரும் பெண் கொடுத்த ரப்பர் பந்தைக் கடையில் வைத்திருக்கிறேன், ஒரு வாடிக்கைக்கும் அடுத்த வாடிக்கைக்கும் நடுவில் அமுக்குகிறேன். எதற்கு என்று கேட்கிறவர்களிடம் கேன்சர் மாத்திரை போடுகிறேன், அது மூட்டைப் பிடிக்கும் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு பெண் அதைக் கேட்டுச் சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மாவும் நவி மும்பை கோபர்கைரனேயில் அதே மாதிரி மாத்திரை போடுகிறாளாம், காலையில் கை மூடுவதில்லையாம், வாதம் என்று சொல்லி வீட்டோடு கிடக்கிறாளாம். அம்மாவை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்றேன். பேசத் தயங்கினால் முழங்கையால் இடி என்றேன்.

ஃபைவ் கார்டன்ஸுக்கு இப்போதும் போகிறேன். சில நாள் மாமாவும் வருகிறார். மூன்றாவது சுற்றில் உங்களைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லுவார், நான் பதிலுக்கு ஒன்று சொல்லுவேன், அதோடு வீட்டுக்குப் போவோம்.

இந்த மாதச் செக்கப்பில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரைக்கு இன்னும் வருஷங்கள் பாக்கி இருக்கின்றன. இன்று காலை எழுந்தபோது நடுவிரல் மடங்கவில்லை. வெந்நீர் வைத்தேன், மாத்திரையைப் போட்டேன், பஸ் பிடித்துக் கடையைத் திறந்தேன்.

வலிக்கிறது, மாமி. நான் இருக்கிறேன்.